இடது காதுக்குப் பிடித்த பாட்டு

கதவு மூடினதும் முதலில் செத்தது ஃபேன் சத்தம். அப்புறம் வெளியே பெஞ்சில் இருக்கும் அம்மாவின் இருமல், அப்புறம் கீழே ரோட்டில் போகிற உப்பு லாரி. எல்லாம் ஒரே நேரத்தில்தான் போயிருக்கும், ஆனால் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்த மாதிரி இருந்தது. பீரோவுக்குள் உட்கார வைத்த மாதிரி ஒரு அறை. சுவர் முழுக்க ஓட்டை ஓட்டையாகப் பலகை, ஒரு நாற்காலி, பக்கவாட்டில் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரூபி அக்காவின் தோளும் முழங்கையும் மட்டும். அவங்கதான் காது சோதிக்கிறவங்க. மெஷினும் அவங்க விரலும் எனக்குத் தெரியக் கூடாதுன்னே நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்காங்க. தலையில் கனமான ஹெட்போன், சிவப்பு வலது, நீலம் இடது. கையில் ஒரு பட்டன். 'பீப்னு கேட்டா அமுக்கும்மா, எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் அமுக்கு'ன்னு சொல்லிவிட்டுப் போனாங்க. சரி. இதில் பாஸானால் கிரேன். துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்குகிற கிரேனுக்கு ட்ரெய்னி எடுக்கிறார்கள், பிளஸ் டூ போதும், பெண் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள். கண் பாஸ், ரத்தம் பாஸ், ஏணியில் ஏறி உச்சியில் நிற்கச் சொன்னதும் பாஸ், அங்கிருந்து இறங்கவே மனசில்லை, அது வேறு. மிச்சம் காது. ரெண்டு காதும் முழுசாக வேணுமாம், மேலே கேபினில் தனியாக இருக்கும்போது கீழே நிற்கிறவன் வாக்கி டாக்கியில் கத்துவது கேட்கணுமாம். கேட்காவிட்டால் கன்டெய்னர் அவன் தலையில். நியாயம்தான். பெயிலானால் அம்மா வேலை பார்க்கிற ஐஸ் கம்பெனியில் இறால் தோல் உரிக்கணும். காலேஜ் கிடையாது, அது எனக்கு வேண்டாம்னு நான்தான் சொன்னேன், வேண்டாததை வேணும்னு சொல்லிக்கொண்டு மூன்று வருஷம் பெஞ்சைத் தேய்க்க எனக்குப் பொறுமை கிடையாது. உள்ளே வருவதற்கு முன்னால் அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, 'ஏட்டி ஜெனோ, கேட்டாலும் அமுக்கு, கேக்காட்டாலும் அமுக்கு. நாலு தடவ கூட அமுக்குனா கையா தேஞ்சிரும்'னாள். 'ராப்பகலா காதுல மாட்டிப் பாட்டு கேப்பேன்னு மட்டும் வாய விட்றாத. நீ உள்ளதச் சொல்லுதேன்னு எதையாவது உளறுவ.' உளறமாட்டேன்னு சொன்னேன். அதுவே பொய்தான், எனக்கே தெரியும்.

இடதில் ஆரம்பித்தாங்க. பீப். அமுக்கினேன். பீப். அமுக்கினேன். கொஞ்சம் மெலிந்தது, அப்புறம் இன்னும், கொசு வந்துவிட்டுப் போன மாதிரி, அப்புறம் கொசு வருமா வராதான்னு நினைக்கிற மாதிரி, அதையும் அமுக்கினேன். இடது காது எமகாதகக் காது. அடுத்த வீட்டில் பிரஷர் குக்கர் எத்தனையாவது விசிலில் இருக்கிறதுன்னு தூக்கத்திலேயே சொல்லும். கீழ்ச் சத்தம் வந்தது, தண்ணி மோட்டார் தூரத்தில் ஓடுகிற மாதிரி ஒரு ஊம், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த சத்தம், எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்த முதல் பாட்டின் முதல் சத்தம். கிரேன் வீடியோவில்தான் கேட்டேன். ஏதோ ஒரு குளிர் ஊர், மழை, ஒரு ஆபரேட்டர் கேபினில் கேமராவை மாட்டிவிட்டு நாள் முழுக்கக் கன்டெய்னர் தூக்குகிறான், ஒரு வார்த்தை பேச மாட்டான், அடியில் ஒரு பாட்டு ஓடும். பாட்டுன்னுகூட நான் முதலில் நினைக்கவில்லை. கிரேனின் சத்தம்னு நினைத்தேன். ஊம், ஊம்ஊம், ஊம், மேலே போய்த் திரும்பிக் கீழே வந்து அதே இடத்தில் நிற்கும், பேஸ் கிட்டார் அது, அப்புறம்தான் தெரியும், அடிக்கிற டிரம்முக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி. இது என்ன பாட்டுன்னு வீடியோவுக்குக் கீழே கமென்ட்டில் கேட்டிருந்தேன், எவனோ ரெண்டு வார்த்தையில் பதில் போட்டான், போஸ்ட் பங்க். அந்த ரெண்டு வார்த்தையை அடித்துத் தேடித் தேடி ஒரு வருஷம் போச்சு. பங்க்னு வெளிநாட்டில் ஒரு கூச்சல் பாட்டு வந்ததாம், வந்த வேகத்தில் அடங்கினதாம், அடங்கினதுக்கு அப்புறமும் வீட்டுக்குப் போகாமல் நின்ற பிள்ளைகள் செய்ததுதான் இது. எனக்கு அப்படித்தான் புரிந்தது. பாடுகிறவன் பாட மாட்டான், மாடிப்படியில் நின்று யாரிடமோ பேசுவான், பாதிப் பேச்சு எனக்குப் புரியாது, புரியாதது நல்லதுதான். சோகமான்னு கேட்டால் இல்லை. கோபமான்னு கேட்டால் அதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ கட்டிலை நகர்த்துகிற மாதிரி இருக்கும். ஏன் நகர்த்துகிறான், இந்த நேரத்தில் என்ன அவசரம், எங்கே கொண்டு போடுகிறான்னு தெரிந்தே ஆகணும்போல இருக்கும். அவ்வளவுதான். அதுக்காகத்தான் கேட்கிறேன். பீப். அமுக்கினேன்.

பேச்சிக்கு மட்டும் இது கடைசி வரைக்கும் பிடிக்கவில்லை. பேச்சியம்மாள், பிளஸ் டூ வரைக்கும் பஸ்ஸில் என் பக்கத்து சீட். ஒரே இயர்போன், ரெண்டு பேரும் ஆளுக்கு ஒன்று. எனக்கு எப்பவும் ஜன்னல் சீட், வலது வரிசை, விட்டுக்கொடுக்கவே மாட்டேன், அதுக்காக டீச்சர் பையன் ஒருத்தனை ஒரு தடவை பிடித்துத் தள்ளினேன். அவள் எனக்கு இடப்பக்கம் உட்காருவாள். ஒயர் நீளாது, அதனால் எனக்கு உள்பக்கத்து இடது காது, அவளுக்கு உள்பக்கத்து வலது காது. நான் கிரேன் பாட்டைப் போட்டதும் மூஞ்சியைச் சுளிப்பாள். 'என்னட்டி இது, எவனோ தகர டப்பாவ ஆணிய வச்சிக் கீறுதான்.' கீறுகிறானா, எங்கே கீறுகிறான், எவ்வளவு அழகாக நடந்து போகிறான்னு நான் சொல்வேன். 'நடக்கானா? எனக்குக் கேக்குதது கீறுததுதான். ரேடியோ ஸ்டேஷன் கெடைக்காம இருந்தா இப்பிடித்தான் இருக்கும்.' உனக்கு ரசனை கிடையாதுட்டி, கல்யாண வீட்டு மைக் செட்டில் ஊறிப் போன காதுன்னு நான் சொல்வேன். 'எனக்காது காது ஊறியிருக்கு. ஒனக்கு காதே கெடையாது, ரெண்டு பக்கமும் கம்மல் மாட்ட ஓட்ட போட்ட தோலு.' பஸ்ஸில் முன்சீட்டுக் கண்டக்டர் வரைக்கும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் கோபம் இருந்தது. ஒரு பாட்டை ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு ஒருத்தி நடக்கிறான்னும் ஒருத்தி கீறுகிறான்னும் சொன்னால் யாரோ ஒருத்தி பொய் சொல்லணும் இல்லையா. அவள்தான் பொய் சொல்கிறாள்னு நான் முடிவு கட்டியிருந்தேன். இப்போது என்னமோ அந்த முடிவின் மேல் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது, ஏன்னு யோசிக்க நேரமில்லை, வலது ஆரம்பித்துவிட்டது.

வலதில் முதல் பீப் வந்தது, அமுக்கினேன், பயமெல்லாம் ஒன்றும் இல்லைன்னு சொல்லிக்கொண்டேன். கீழ்ச் சத்தம் வந்தது, ஊம், அதுவும் வந்தது, கொஞ்சம் தலையணைக்கு அடியிலிருந்து வந்த மாதிரி, ஆனால் வந்தது. அப்புறம் கீச்சுன்னு வருகிற மேல் சத்தத்துக்குப் போனாங்க. ஒன்று வந்தது. வந்ததா? வந்ததுன்னு நினைக்கிறேன். அப்புறம் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முழங்கை லேசாக அசைந்தது. ஒன்றும் வரவில்லை. இந்த அமைதிக்குள் என் ரத்தம் ஓடுகிறது கேட்கிறது, எச்சில் விழுங்குகிறது மலைப்பாம்பு விழுங்குகிற மாதிரி கேட்கிறது, பீப் மட்டும் கேட்கவில்லை. உள்ளங்கை வேர்த்து பட்டன் வழுக்கியது. வீடியோவில் பார்த்த கிரேன் கேபின் ஞாபகம் வந்தது, கால் அடியில் கண்ணாடித் தரை, அதுக்குக் கீழே கடல், எவனும் என்னை வா போன்னு கூப்பிட முடியாத உயரம். அப்போதுதான் கவனித்தேன், ரூபி அக்காவுக்கு ஒரு தாளம் இருக்கிறது. வேணும்னு வைத்துக்கொள்ளவில்லை, கைக்குப் பழகிப்போன தாளம், ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, ஒரு சத்தம், அப்புறம் கொஞ்சம் நீளமான இடைவெளி, திரும்பவும் முதலிலிருந்து. இடது காதில் இவ்வளவு நேரமும் அப்படித்தான் வந்தது. எனக்கு அது ஏற்கெனவே உடம்பில் ஏறியிருந்தது, டிரம் மெஷின் வைத்துப் போட்ட பாட்டுகளைக் கேட்டுப் பழகியவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா. அதனால் அமுக்கினேன். இடைவெளி. அமுக்கினேன். நீள இடைவெளி. அமுக்கினேன். அம்மா சொன்னதுக்காக அமுக்கவில்லை, சத்தியமாக, அல்லது அதுக்காகவும்தான், ரெண்டும் கலந்து இருந்தது. ஆனால் ரெண்டு சுற்று போனதும் அமுக்க அமுக்க எனக்கு அது கேட்கவே ஆரம்பித்துவிட்டது. நிஜமாக. வரவேண்டிய இடத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி மாதிரி பீப், அப்புறம் நான் போட்ட இடத்தில் அதுக்கு அடியில் பேஸ், அப்புறம் நான் காலால் தரையில் தட்டிக்கொண்டிருந்தேன், நல்லா இருந்தது, இவ்வளவு நல்ல பாட்டை நான் கேட்டதில்லை, பாஸ், பாஸ், கிரேன், ஏணி, உச்சி.

கதவு திறந்தது. ஃபேன், இருமல், லாரி, எல்லாம் ஒரேயடியாக உள்ளே விழுந்தன. ரூபி அக்கா ஒரு கையில் மொபைலோடு நின்றாங்க. 'என்னம்மா கேட்டுச்சு உனக்கு?' பீப்னு சொன்னேன். 'எப்போ?' இப்போதான். 'நான் எங்க வீட்டுக்காரர்ட்ட போன் பேசிட்டிருக்கேன். மெஷின்ல கையே வைக்கல. நீ பாட்டுக்கு அமுக்குத, இங்க மெஷின்ல லைட்டு எரியுது அணையுது எரியுது அணையுது, கூடவே மெஷினும் தட்டுது, அவுக அங்க இருந்து என்ன சத்தம் பட்டுபட்டுன்னு கேக்காவ.' எனக்கு முகம் கொதித்தது. பின்னால் அம்மா எட்டிப் பார்த்தாள், 'என்ன மேடம், பாஸா?' 'பாஸு. கச்சேரில பாஸு.' அப்புறம் அக்கா என்னைப் பார்த்து, 'சொல்லு, ஏன் அமுக்குன?' பொய் ஒன்று தயாராக இருந்தது, பட்டன் வழுக்கிருச்சுன்னு, ஆனால் வாய் வேறு சொன்னது. 'வரணும்க்கா. அந்த இடத்துல ஒண்ணு வரணும். நீங்க ஒண்ணு, அப்புறம் சின்ன கேப்பு, ஒண்ணு, அப்புறம் பெரிய கேப்பு விடுவீங்க.' அக்கா மொபைலை இறக்கினாங்க. 'நானா?' ஆமா. 'எத்தன வருசமா இந்த வேல பாக்கேன், எவளும் எங்கிட்ட இதச் சொன்னதில்ல.' சிரித்தாங்க, அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, 'அப்ப வலதுல நீ அமுக்குனதுல எது கேட்டது, எது தாளம்?' தெரியலக்கா. அது உண்மை. அம்மா உள்ளே வந்துவிட்டாள். 'சின்னப் புள்ளையில அந்தக் காதுல சீழ் வடிஞ்சிச்சு மேடம், எண்ணெய் காய்ச்சி விட்டோம், நின்னு போச்சு. அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கூப்ட்டா திரும்புவா.' 'எண்ணெயா? நல்லா ஊத்துனீங்க போங்க. எந்தப் பக்கம் நின்னு கூப்டுவீங்க?' அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அக்கா, 'இரும்மா, வேற ஒண்ணு மாட்டணும், அதுவரைக்கும் தண்ணி குடி'ன்னுவிட்டு மெஷினைக் குடைய ஆரம்பித்தாங்க. கதவை அம்மாவே சாத்தினாள்.

எந்தப் பக்கம் நின்று கூப்பிடுவாள். கோயிலில் எனக்கு இடப்பக்கம். சோறு போடும்போது இடப்பக்கம். வலப்பக்கம் வந்தால் கூப்பிட மாட்டாள், தோளைத் தொடுவாள். எல்லா அம்மாவும் அப்படித்தான்னு நினைத்திருந்தேன். ராத்திரி அப்பா கடலுக்குப் போகாத நாளில் விடுகிற குறட்டைக்கு நான் இடது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துவிடுவேன், வீடே அணைந்துவிடும், சுவிட்சைத் தட்டின மாதிரி. எல்லாருக்கும் அப்படி ஒரு பக்கம் இருக்கும், அதைத்தான் தலையணையில் வைப்பார்கள்னு நினைத்திருந்தேன். போனை எப்போதும் இடதில் வைத்துத்தான் பேசுவேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு, வலது வரிசை, பேச்சி எனக்கு இடப்பக்கம். அடச்சீ. ஜன்னலுக்காக நான் அந்த டீச்சர் மகனைத் தள்ளவில்லை. காதுக்காகத் தள்ளியிருக்கிறேன். காது எனக்குச் சொல்லாமலே என் கையை வைத்து அவனைத் தள்ளியிருக்கிறது. அப்படியென்றால் வேறு எதையெல்லாம் செய்திருக்கிறது? இங்கேதான் மனசு ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டது, எவ்வளவு இழுத்தாலும் வரவில்லை. எனக்குக் கீழ்ச் சத்தம் பிடிக்கும். கல்யாண வீட்டில் வயலினும் புல்லாங்குழலும் வந்தால் எனக்குக் கொட்டாவி வரும், மெலடி மெலடின்னு எல்லாரும் உருகும்போது இதில் என்ன இருக்குன்னு தோன்றும், அதை வெளியே சொல்லிப் பெயரும் கெட்டிருக்கிறது. நான் வேறு ஆள்னு அதில் ஒரு திமிர் இருந்தது, இல்லைன்னு சொன்னால் பொய். இப்போது பார்த்தால் புல்லாங்குழல் எனக்கு அரைகுறையாகத்தான் வந்திருக்கிறது. நாக்கில் புண் இருக்கிறவன் எனக்குக் காரம் பிடிக்காதுன்னு சொன்னால் அது அவன் ருசியா, புண்ணோட ருசியா? பேச்சிக்குக் கேட்டது வலப்பக்கத்துப் பாட்டு. எனக்குக் கேட்டது இடப்பக்கத்துப் பாட்டு. அந்தப் பாட்டைப் போட்ட பிள்ளைகள், ஆணியால் தகரத்தைக் கீறுகிற கிட்டாரை வலது இயர்போனிலும், நடக்கிறவனை இடதிலும் வைத்திருக்கிறார்கள். ஒருத்தியும் பொய் சொல்லவில்லை. சரி, அப்புறம் தனியாக ரெண்டு காதிலும் மாட்டிக் கேட்டேனே, அப்போது கீறல் ஏன் வரவில்லை? ஏன் வரவில்லைன்னு இப்போது தெரிகிறது. ஆனால் அங்கேயும் ஒன்று இடிக்கிறது. போனை எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டுக் கேட்டிருக்கிறேன், அப்போது பாட்டு முழுக்கக் கணகணன்னு வரும், பேஸே இருக்காது, அதுவும் பிடித்தது. அம்மா மிக்ஸி போடும்போது சத்தத்துக்கு நடுவில் கேட்டிருக்கிறேன், டேபிளில் போனை வைத்து நெற்றியை டேபிளில் வைத்துக் கேட்டிருக்கிறேன், மண்டை ஓட்டுக்குள் நடப்பான், அது ரொம்பப் பிடித்தது. ஒரே பாட்டு டம்ளரில் ஒன்று, பலகையில் ஒன்று, பேச்சி காதில் ஒன்று. இதில் எது அந்தப் பாட்டு? போட்டவனுக்கே தெரியுமா? அத்தனை சத்தத்துக்கு நடுவில் நின்று வாசித்தவனுக்குக் காது என்ன லட்சணத்தில் இருந்திருக்கும். அவனும் ஒரு பக்கம் திரும்பித்தான் நின்றிருப்பான். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பயத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் இருக்கிறது, பூட்டின ரூம் ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறதுன்னு இன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி. உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காமல் எப்படிப் போவது?

அக்கா திரும்ப வந்து ஹெட்போனைச் சரி செய்தாங்க. 'இப்ப நீலத்துல ஒரு எரச்சல் வரும், மழ பெய்ற மாதிரி. அதக் கண்டுக்காத. ஒன் நல்ல காது சும்மா இருந்தா அந்தப் பக்கத்துச் சத்தத்தையும் இதுவே எட்டிக் கேட்டுச் சொல்லிரும். அதுக்கு ஒரு வேலையக் குடுத்து ஒக்கார வைக்கேன். இப்ப வலது தனியா கேக்கணும்.' சரின்னேன். 'தாளத்த மாத்தித்தான் விடுவேன். மெல்லிசுல ஆரம்பிச்சு, கேக்கலன்னா சத்தத்தக் கூட்டிக்கிட்டே போவேன். எங்க கேக்குதோ அங்க அமுக்கு.' சீக்கிரம் அமுக்கினால் நல்ல காதான்னு கேட்டேன். 'ஆமா. கிரேனுக்கு ரொம்ப தூரம் விடமாட்டாவ. சத்தத்துல நாலஞ்சு படிதான். அதுக்கு மேல போனா நான் எழுதித்தான் ஆகணும், ஏங்கிட்டக் கோவப்படக் கூடாது.' கோபப்பட மாட்டேன்னு சொன்னேன். அக்கா கதவைச் சாத்தும்போது அம்மா பெஞ்சிலிருந்து கட்டைவிரலை அமுக்கிக் காட்டினாள், அமுக்கிரு, அமுக்கிரு. அப்புறம் மழை வந்தது. இடது காது முழுக்க சர்ர்ர்ருன்னு, ஓட்டு வீட்டில் பெய்கிற மழை இல்லை, எங்கேயும் விழாத மழை, விழுந்துகொண்டே இருக்கிற மழை. அந்தக் காலத்து கேசட்டில் பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் வருகிற இரைச்சல் மாதிரி. நான் அதைக் கண்டுகொள்ளக் கூடாது. எப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பது, இது எவ்வளவு நல்லா இருக்கு, உள்ளே எத்தனை அடுக்கு இருக்கு, ஒரு வருஷமாக நான் காதைக் கொடுத்து வந்ததே இந்த மாதிரி இரைச்சலுக்குத்தானே. எல்லாரும் பாட்டைக் கேட்டு இரைச்சலை விடுவார்கள், நான் இரைச்சலைக் கேட்டுப் பாட்டை விட்டவள், இப்போது இவங்க தலைகீழாகச் செய்யச் சொல்றாங்க. சரி, வலது. வலதுக்குப் போ, ஜெனோ. வலது ஒரு காலி வீடு. உள்ளே போய் நின்றேன். ஒன்றும் இல்லை. கண்ணாடியில் முழங்கை அசைந்தது.

அந்த முழங்கைதான் கெடுத்தது. அது அசைந்தால் ஒரு சத்தம் விட்டாச்சுன்னு அர்த்தம், எனக்கு அது தெரிந்துபோச்சு, தாளம் தேவையில்லை, காதும் தேவையில்லை. முழங்கை அசையும்போது அமுக்கினால் போதும். முதல் படியிலேயே அமுக்கலாம், அருமையான காதுன்னு எழுதுவாங்க, நாளைக்கு ஏணியில் ஏறலாம். கீழே நிற்கிறவன் கத்துவது இடதிலேயே கேட்கும், எனக்கு அது போதாதா, இவ்வளவு நாள் அதை வைத்துத்தானே ரோடு தாண்டினேன். முழங்கை அசைந்தது. கட்டைவிரல் பட்டன் மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு படி போச்சு. அமுக்குட்டி, அம்மா கட்டைவிரல், அமுக்கு. இது எத்தனையாவது, ரெண்டாவதா. இப்போது அமுக்கினால்கூட பாஸ். ஆனால் அமுக்கினால் அதோடு சத்தம் நின்றுவிடும், அடுத்ததுக்குப் போய்விடுவாங்க, அந்தக் காலி வீட்டில் ஏதாவது இருந்ததா இல்லையான்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போய்விடும். மேலே கேபினில் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருப்பேன். எனக்கு அதுக்குப் பொறுமை கிடையாது. கண்ணை இறுக்கி மூடினேன். முழங்கை போச்சு. இப்போது என்னிடம் மழை மட்டும் இருக்கிறது, மழைக்கு அந்தப் பக்கம் இருட்டு. ஒரு படி ஏறியிருக்கும். இன்னொன்று ஏறியிருக்கும். ஏணி ஒன்று எனக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது, அதன் கம்பி ஒவ்வொன்றாக என் காலை விட்டுப் போவது தெரிகிறது, கண்ணாடித் தரை, கடல், உயரம், போ. அழுகை வந்தால் அந்தச் சத்தம் குறுக்கே வந்துவிடும்னு அதையும் விழுங்கினேன். இறால் தோல் விரலைக் கிழிக்கும், பனிக்கட்டித் தண்ணியில் நகம் வெளுத்துப்போகும், தெரியும், அம்மா கையைப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் அமுக்கவில்லை. நாலஞ்சு படி தாண்டியிருக்கும். நிச்சயம் தாண்டியிருக்கும். சும்மா இருந்தேன். இவ்வளவு நேரம் எதையும் அமுக்காமல் நான் இருந்ததே இல்லை.

அப்போது வந்தது. மழைக்கு அந்தப் பக்கம், ரொம்பத் தூரத்தில், ஊசியால் கண்ணாடியைத் தொட்டு எடுத்த மாதிரி ஒன்று. பீப் மாதிரியே இல்லை. அசிங்கமாக இருந்தது, பல் கூசியது, ஓரம் ஓரமாக உடைந்து நடுங்கியது. நின்றது. திரும்ப வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் கிட்ட. நான் நினைத்துக்கொண்டதா? இல்லை, நான் நினைத்திருந்தால் இவ்வளவு அசிங்கமாக நினைத்திருக்க மாட்டேன், இது வெளியிலிருந்து வருகிறது, எனக்குத் தெரியாத ஒன்று, வலப்பக்கத்திலிருந்து, தலையின் அந்தப் பக்கத்தில் ஒரு இடம் இருக்கிறதுன்னே அதுதான் காட்டுகிறது. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். அமுக்கணும்னு ஞாபகம் வந்து அமுக்கினேன், அதுக்குள் அது முடிந்துபோயிருந்தது. மழை நின்றது. ஹெட்போனுக்குள் ரூபி அக்காவின் குரல், இடது பக்கம் மட்டும், மெதுவாக. 'ரொம்பப் படி தள்ளிப் போயிருச்சும்மா. கிரேனுக்கு ஆவாது. அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன்.' ம்ம்னு சொன்னேன். 'கடைசில அமுக்குனியே, அது கேட்டு அமுக்குனதா, இல்ல அதுவும் தாளமா?'

'கேட்டுச்சு'ன்னு சொன்னேன். என் குரல் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. 'இன்னொரு தடவ வைங்கக்கா.'